முரியல் வைத்திருந்த கடைசி வரி

முரியல் டாப்ஸ்காட்டை யாராவது "பாவம்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவமாவது! ஒத்திகைக்கு ஐந்து நிமிடம் தாமதமாக வந்தவனை வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவாள். எழுபத்து நான்கு வயது. லண்டனில், பேட்டர்சியில் தனிக்கட்டை. முப்பது வருடம் ஒரு பெரிய கடையில் கையுறை விற்றவள். அதற்கு முன்னால் இரண்டே வருடம் நடிகை. தான் வாழ்ந்தது அந்த இரண்டு வருடம்தான் என்பாள்.

1951இல் 'சீமாட்டியின் பெட்டி' என்றொரு பாட்டும் சிரிப்புமான நாடகம் ஊர் ஊராகப் போனது. முரியல் அதில் கூட்டத்தோடு ஆடிப் பாடினாள். சீமாட்டி வேஷம் கட்டியவளுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் இவள் ஏற வேண்டும். அந்த மகராசிக்கோ இரண்டு வருடத்தில் ஒரு தும்மல்கூட வரவில்லை. திரை விழுமுன் கடைசி வரி சீமாட்டியுடையது. கொட்டகையே குலுங்கச் சிரிப்பார்களாம். தினமும் பக்கத்தில் நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டவள், ஒரு தடவையாவது அதைத் தான் வாங்க வேண்டும் என்று நாற்பது வருடம் ஏங்கினாள்.

அந்த நாடகத்தைத் தூசி தட்டி எடுத்தவன் ஜைல்ஸ், இருபத்தாறு வயது இயக்குநர். மேடை ஒரு மதுக்கடையின் மாடி அறை. மொத்தம் நாற்பத்தெட்டு நாற்காலி. கீழே தொலைக்காட்சியில் கால்பந்து ஓடினால் எங்கள் காதல் பாட்டுக்கு நடுவே கோல் விழும். நான் நோரீன், மேடை நிர்வாகி. ஓரத்தில் பிரதியோடு உட்கார்ந்து, வரி மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதும் நான்தான்.

எங்களுக்குக் கிடைத்த ஒரே பிரதியில் கடைசி வரி இல்லை. எங்கள் தொழிலில் அது பழைய வழக்கம். கடைசி வரியை ஒத்திகையில் சொல்லக் கூடாது, சொன்னால் நாடகம் விளங்காது. பழைய ஆட்கள் சிலர் அதை எழுதக்கூட மாட்டார்கள். எங்களுக்குத் தெரிந்து அந்த வரியை மனதில் வைத்திருந்த ஒரே ஆள் முரியல். ஜைல்ஸ் அவளுக்கு வேஷம் கொடுத்ததே அதற்காகத்தான்.

ஒத்திகையில் அந்த இடம் வந்ததும் கையை வீசி, "டம்டி டம்டி டம்" என்பாள்.

"எனக்காவது காதுல சொல்லுங்களேன், முரியல்," என்று ஜைல்ஸ் கெஞ்சினான்.

"போடா போ. மொத நாள் கூட்டத்தோட கூட்டமா உக்காந்து கேட்டுக்கோ."

"வழக்கத்துல கை வைக்காதே தம்பி," என்று நானும் சேர்ந்து அதட்டினேன். அறிவு கெட்டவள் நான். மற்ற வரிகளை அவள் விசிறி மடிப்பிலும் கைக்குட்டையிலும் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தவள்தானே? ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் நின்று தன் தெருப் பெயரையே என்னிடம் கேட்டாள். வயசாகிறது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் நாள். கடைசிக் காட்சியில் ஆள்மாறாட்டமெல்லாம் வெளிப்பட்டு, வேலைக்காரன் பிரபுவாகி, பிரபு திருடனாகி, எல்லோரும் சீமாட்டியைத் திரும்பிப் பார்ப்பார்கள். முரியல் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. நான் பிரதியைப் பார்த்தேன். அங்கே என்ன இருக்கிறது எடுத்துக் கொடுக்க? அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு சின்னக் குரலில் கேட்டாள்:

"நீங்கள்லாம் யாரு?"

அறையே வெடித்தது. நாற்பத்தெட்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

உள்ளே வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அது இல்லடி. அது இல்லேன்னு தெரியுது, எதுன்னுதான் தெரியல. யார்கிட்டயும் மூச்சு விடாதே நோரீன். வேஷத்தைப் பிடுங்கிடுவான்."

நான் மூச்சு விடவில்லை. ஜைல்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. "என்ன வரி! இந்தக் காலத்துக்கு எழுதின மாதிரியே இருக்கு!" என்றான். உள்ளூர்ப் பத்திரிகையும் அந்த வரியைத்தான் புகழ்ந்தது. அடுத்த பதினோரு காட்சியிலும் அவள் அதையே சொன்னாள். சில நாள் பாடமாகச் சொன்னாள். சில நாள் நிஜமாகவே கேட்டாள். எனக்கு வித்தியாசம் தெரியும். நிஜமாகக் கேட்ட நாட்களில்தான் ஜனங்கள் அதிகம் சிரித்தார்கள். நான் ஓரத்தில் உட்கார்ந்து சகித்துக்கொண்டிருந்தேன், வெட்கங்கெட்டுப் போய்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைசிக் காட்சி. எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். முரியல் நிமிர்ந்து நின்றாள். அப்படியொரு தெளிவான கண்ணை நான் அவளிடம் பார்த்ததே இல்லை. ஒரு நொடி நிறுத்தி, விசிறியைப் பட்டென்று மடக்கி, மேசை மேலிருந்த டீயைக் காட்டி, சமையற்காரன் வேஷம் கட்டியவர் பக்கம் திரும்பினாள்.

"ஹாப்ஸன், புதுசா டீ போட்டுக் கொண்டா. இது வேற ஆளுங்களுக்குப் போட்டது."

ஒருவரும் சிரிக்கவில்லை. யாரோ இருமினார்கள். பியானோக்காரர் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு முடிவுப் பாட்டைத் தொடங்கினார்.

திரை மூடியதும் ஜைல்ஸ் பாய்ந்து வந்தான். "எதுக்கு மாத்தினீங்க? அருமையான வரியைப் போய்க் கெடுத்துட்டீங்களே!"

அவள் அவன் பக்கமே திரும்பவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அதுதான் வரி, முரியல்," என்றேன். "சரியாச் சொல்லிட்டீங்க. நாப்பது வருஷம் கழிச்சு அச்சு அசலாச் சொல்லிட்டீங்க."

"பொய் சொல்லாதடி," என்றாள். "அதுவா இருந்தா சிரிச்சிருப்பாங்க." அப்புறம் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, சவுரியில் குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினாள்.