ஆளில்லாமல் இரைந்த கார்

அம்மா அடுப்புக்கு விறகு எடுக்கக் குசினியை விட்டு வெளியே வந்து நாலடி வைத்திருக்கமாட்டார், எங்கள் கார் அந்தக் குசினிக்குள் புகுந்தது.

காருக்குள் மாமாவும் நானும் இருந்தோம். தடிகள் முறிந்தன. கூரைக் கிடுகு சரிந்து முன்கண்ணாடியில் விழ வெளிச்சம் போய்விட்டது. ஒரு சட்டி உருண்டுபோய் எங்கோ நிற்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் கார் உறுமிக்கொண்டே இருந்தது. மாமா திறப்பைத் திருகி நிறுத்தினார். அந்த அமைதியில்தான் நான் கத்தத் தொடங்கினேன். அதுவரை கத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சண்டை முடிந்து, முகாமிலிருந்து எங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். வங்காலைக்குத் தெற்கே, கடற்கரையோடு எங்கள் ஊர். அதில் கிணறுகளும் கோயில் சுவரும்தான் மிஞ்சியிருந்தன. தகரமும் தறப்பாளும் தந்தார்கள், அவற்றால் வீடு கட்டினோம். கிணற்றுத் தண்ணீர் உவர். குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வரும். அதில் ஒரு கோப்பை கழுவினாலும் அப்பா ஏசுவார். பள்ளிக்கூடம் ஒரு மரத்தின் கீழே நடந்தது. நான் போன நாட்களைவிடப் போகாத நாட்கள் கூட.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கடைசிச் சண்டையில் அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பொய்க்கால் பூட்டி, அதற்கும் ஒரு சப்பாத்துப் போட்டுக்கொள்வார். வள்ளத்தில் அந்தக் கால் நிற்காது. கூலி வேலைக்கும் அவரை யாரும் கூப்பிடுவதில்லை. பிரான்சில் இருந்த பெரியப்பா காசு அனுப்பியபோது, பஸ் வராத ஊருக்கு ஒரு கார் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஆள் ஏற்றலாம் என்று சொன்னதும், கியர் மாற்றத் தேவையில்லாத ஒரு பழைய ஜப்பான் காரை வவுனியாவில் தேடிப் பிடித்ததும் மாமாதான். கார் ஓடினால் அவர் ஒரு வேலைக்காரர். ஓடாவிட்டால் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு இருப்பவர்.

வாங்கிச் சில வாரங்களில் கார் நின்ற இடத்திலேயே இரையத் தொடங்கியது. காலையில் குளிரில் எல்லாக் காரும் கொஞ்சம் இரையும், சூடானதும் அடங்கும் என்று மாமா சொன்னார். எங்கள் கார் சூடான பிறகும் அடங்கவில்லை. ஒருநாள் அப்பா யன்னலால் எட்டிப் பார்த்து, "காலை எடு மச்சான், பெற்றோல் எரியுது" என்றார். மாமா குனிந்து தன் காலைப் பார்த்தார்.

குசினி உடைந்த அன்று கோயிலடியில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை ஏற்ற வேண்டியிருந்தது. மாமா காரை இயக்கி, கியர்த் தடியை ஒரு இழுவை இழுத்தார். கார் யாரோ பின்னால் நின்று உதைத்ததுபோலப் பாய்ந்தது. மிச்சத்தைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

வேலிக்கு அப்பால் அடுத்த வளவில் இருக்கிற மாமி ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் மாமாவைப் பார்த்தார். "கட்டைக் காலை வச்சுக்கொண்டு கார் ஓடினா வேற என்ன நடக்கும்?" என்று, எல்லோருக்கும் கேட்கத்தக்கதாகத் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டார்.

அப்பா கடலிலிருந்து வரும்போது கார் அடுப்புக்கு மேல் நின்றது. அவர் குசினியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், அம்மா நின்ற இடத்துக்கும் குசினிக்கும் இடையில் இருந்த தூரத்தைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று நான் பயந்தேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"மச்சான், அந்தக் காலுக்கு உணர்ச்சி இல்லை. அது பெடலில ஏறி நிண்டாலும் உனக்குத் தெரியாது."

"ஓம் அத்தான்."

"திறப்பைத் தா."

மாமா கொடுத்தார். அப்பா அதைச் சட்டைப் பைக்குள் போட்டு, சட்டையை ஆணியில் கொழுவிவிட்டுப் படுத்தார்.

மாமா "ஓம்" என்று சொன்னதுதான் எனக்குக் குசினி உடைந்ததைவிடப் பெரிய அதிர்ச்சி. எங்கள் வீட்டில் எதற்கும் எதிர்த்துக் கதைப்பவர் அவர் ஒருவர்தான்.

அப்பா நித்திரையானதும் அம்மா அந்தச் சட்டைப் பைக்குள் கைவிட்டார். திறப்பைக் கொண்டுவந்து மாமாவின் மடியில் போட்டார்.

"சாக இருந்தவள் நான். எனக்குத் தெரியோணும். உன்ர காலா, காரா?"

"எனக்கும் தெரியேல்லை அக்கா."

"அப்ப பார்."

காரை மூன்றுபேருமாகத் தள்ளி வெளியே எடுத்தோம். மாமா சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைக்கச் சொன்னார். பிறகு நிலத்தில் இருந்து, காற்சட்டையைச் சுருட்டி, பொய்க்காலைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"இதைப் பிடி பிள்ளை. நிலத்தில வைக்காதை, மண் போகும்."

நான் அதை அதுவரை தொட்டதில்லை. சப்பாத்தும் காலுறையுமாக, ஒரு கைக்குழந்தையின் பாரம் இருந்தது. உட்பக்கம் இன்னும் சூடாக இருந்தது. அந்தச் சூடு என்னைத் திடுக்கிட வைத்தது. கையை விட்டுவிடப் பார்த்தேன். அம்மா பார்த்த பார்வையில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

மாமா கதவைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் வெளியே நின்று, கையை மட்டும் உள்ளே விட்டுத் திறப்பைத் திருகினார். கார் பிடித்தது. முதலில் ஒரு இருமல், பிறகு அதே உறுமல். சீற்றுகளில் யாருமில்லை. கீழே இரண்டு பெடலும் மண் படிந்தபடி சும்மா இருந்தன. எஞ்சினுக்கு மேல் பொனற் நடுங்கியது.

அம்மா நெற்றியில் சிலுவை போட்டார். "தம்பி, உள்ளுக்க ஆரடா?"

"ஒருத்தரும் இல்லை அக்கா. வடிவாப் பாருங்கோ."

அம்மா குனிந்து பார்த்தார். சீற்றுக்கு அடியிலும் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த காலைப் பார்த்தார், அது இன்னும் அங்கேதான் இருக்கிறதா என்று உறுதி செய்பவரைப்போல. "அப்ப கார்தான்" என்றார். மாமா சிரிக்கவில்லை. "கார்தான் எண்டா ஏன் எண்டு தெரியோணும். இல்லாட்டி அத்தான் திறப்புத் தரமாட்டார்."

மாமா கார் வேலை பழகியது வன்னியில், பெற்றோல் கிடைக்காத காலத்தில், மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களில். அவற்றில் ஒரு ஆணியைத் திருகினால் இரைச்சல் குறையும். இந்தக் காரில் பெற்றோலைக் கணக்குப் பார்த்துப் பீச்சுவது ஒரு கறுப்புப் பெட்டி. திருக ஆணி இல்லை. பொனற்றைத் திறந்து, ஒரு கையால் காரைப் பிடித்துக்கொண்டு அவர் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"காத்து இல்லாம இரையாது. எங்கயோ களவாக் காத்துப் போகுது" என்றார் கடைசியில்.

அக்சிலேற்றர் கம்பியை விரலால் தூக்கிக் காட்டினார். அது தொய்வாகக் கிடந்தது, எதையும் இழுத்துக்கொண்டிருக்கவில்லை. பிறகு றப்பர்க் குழாய்களைத் துணி சுற்றிய குறட்டால் ஒவ்வொன்றாக நசித்தார். ஏதாவது வெடித்துக் காற்று இழுத்தால், அதை நசிக்கும்போது சத்தம் மாற வேண்டும். மாறவில்லை. காற்று போகிற பெரிய குழாயைக் கழற்றினார். உள்ளே ஒரு பித்தளை மூடி இறுக்கமாக மூடியிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை. மாமா பெருவிரலை அதன்மேல் வைத்தார்.

கார் அடங்கியது. யாரோ வாயைப் பொத்தியதுபோல. இன்னும் கொஞ்சம் வைத்திருந்தால் நின்றேபோயிருக்கும். விரலை எடுத்தார், உறுமியது.

"திருப்பிச் செய்" என்றார் அம்மா. மாமா திருப்பிச் செய்தார். அம்மா தானும் ஒருமுறை விரலை வைத்துப் பார்த்தார்.

குளிரில் அதிகக் காற்று விடுவதற்கு அந்தத் துளைக்கு ஒரு வால்வு இருக்கிறது என்றும், எஞ்சினைச் சுற்றிவரும் சுடுதண்ணீர் பட்டதும் அது மூட வேண்டும் என்றும் மாமா சொன்னார். ரேடியேற்றர்க் குழாயைத் தொட்டார், கையை உதறினார். வால்வுக்குப் போகிற மெல்லிய குழாயைத் தொட்டார், கை அங்கேயே இருந்தது.

"எஞ்சின் கொதிக்குது அக்கா. இது பச்சைத் தண்ணி மாதிரிக் கிடக்கு. காலமையில இருந்து இது இன்னும் குளிர் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கு."

காரை நிறுத்தி, சூடு ஆறும்வரை இருந்தோம். நான் காலை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு மாமா மெல்லிய குழாயைக் கழற்றி, வேலிக் கம்பித் துண்டொன்றை உள்ளே விட்டுக் கிண்டினார். வெள்ளையாகக் கட்டி கட்டியாக விழுந்தது. ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தார்.

"உப்பு."

அம்மா கிணற்றைப் பார்த்தார். ரேடியேற்றருக்கு ஒவ்வொரு நாளும் விடிய முதல் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் அப்பா கடலுக்குப் போவார். நல்ல தண்ணீரைக் காருக்கு விடுவதா என்று, கிணற்றில் அள்ளித்தான் விடுவார். காரில் அவர் செய்த ஒரே வேலை அதுதான். ஒருநாளும் தவறியதில்லை.

அப்பா எங்களுக்குப் பின்னால் நின்றார். எஞ்சின் சத்தத்தில் எழும்பி வந்திருக்க வேண்டும். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. ஒற்றைக் காலில் நிற்கிற மச்சானைப் பார்த்தார், மடியில் காலோடு இருக்கிற மகளைப் பார்த்தார், மாமாவின் உள்ளங்கையில் இருந்த வெள்ளைக் கட்டியைப் பார்த்தார். வீட்டுக்குள் போனார்.

திரும்பி வரும்போது கையில் பவுசர்த் தண்ணீர்க் கான் இருந்தது. ரேடியேற்றரில் இருந்ததை எல்லாம் திறந்து விட்டு, கழற்றிய குழாய்களைப் பூட்டச் சொன்னார். நாங்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் அதற்குள் ஊற்றினார். கடைசிச் சொட்டுவரை கானைத் தட்டித் தட்டி ஊற்றினார்.

"எங்களுக்கு?" என்று நான் கேட்டேன்.

"ஒரு நேரம் குடியாட்டிச் சாகமாட்டாய்" என்றார்.

மாமா மறுபடி இயக்கினார். கார் உறுமியது. சூடு ஏற ஏறச் சத்தம் இறங்கியது, இறங்கி இறங்கி, கோழிகள் கிளறுவது கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. அப்பா, "நாளைக்கு நீ ஓடு" என்றார். அம்மா அழத் தொடங்கினார். அடுத்த வளவு மாமிக்கும் கேட்க வேண்டும் என்றோ என்னவோ, கொஞ்சம் சத்தமாகவே அழுதார்.

பின்னேரம் மாமா காலைப் பூட்டிக்கொண்டு சாரதிச் சீற்றில் ஏறினார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"கார் பாயேக்க என்ர கால் எங்க நிண்டது, கண்டனியா?"

"இல்லை மாமா. நான் வெளியில பாத்துக்கொண்டிருந்தன்."

அவர் தலையாட்டினார். "சரி. இப்பக் குனிஞ்சு பார். எதில நிக்குது?"

"பிரேக்கில."

"இப்ப?"

"ஒண்டிலயும் இல்லை."

"வடிவாப் பார்."

அடுத்த நாள் தொடங்கி மாமா காரை ஓட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்கள் பின்னால் நெருக்கிக்கொண்டு இருப்பார்கள், முன்சீற்று எனக்கு. கார் நிற்கிற இடமெல்லாம், புறப்படுகிற இடமெல்லாம் மாமா ஸ்ரேறிங்கில் விரலால் தட்டுவார். நான் எதையோ விழுத்திவிட்டவள்போலக் குனிந்து பார்த்து, பிரேக் என்றால் ஒருமுறையும், ஒன்றிலும் இல்லை என்றால் இரண்டுமுறையும் தலையாட்டுவேன். இதை வீட்டில் சொல்லக்கூடாது என்றார். நானும் சொல்லவில்லை. பிழை காரில்தான் என்று எல்லோரும் கண்ணால் கண்டுவிட்ட பிறகு இவர் ஏன் இப்படிக் கேட்கிறார் என்று நான் யோசிக்கவும் இல்லை. மற்றப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் மாமா எனக்குக் கார் ஓட்டப் பழக்குகிறார் என்று நம்பி, மன்னார் போகும்வரை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருப்பேன்.