மலைக்குப் போய் வந்தவரிடம் நான் கேட்டது

மூன்று வருஷத்துக்கு முன்னால், திருப்பூர் மண்ணரையில் எங்கள் வாடகை வீட்டில் நடந்தது இது. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். தைத்து வரும் துணியை விரித்துப் பார்த்து, ஓட்டை, தையல் விட்டது எல்லாவற்றையும் ஒதுக்கணும். கணவர் மெஷின் மெக்கானிக். மாசக்கணக்கில் வடக்கே போய்த் தங்கி வருவார்.

அந்த வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். இருமுடி கட்டும் முன் வீட்டில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்பது வழக்கம். பேருக்குக் கேட்பார் என்று பார்த்தால், என்னைத் தனியாகக் கூப்பிட்டு அழுதார். வடக்கே இருந்தபோது வேறு பெண்களிடம் போனாராம். எனக்குத் திட்டவும் வழியில்லை. மாலை போட்டவர் சாமி. சாமியை எப்படித் திட்டுவது? வெளியே சொந்தக்காரர்கள் சரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எல்லோரையும் போல நானும் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அப்போது என் மேலேயே எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே, சொல்லி மாளாது.

திரும்பி வந்து மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம், பூ வாங்கிக்கொண்டு வந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

"ஏனுங்க, முதல்ல ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில ரத்தம் குடுத்துப் பாத்துட்டு வந்துரலாங்க" என்றேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "மலைக்கே போயிட்டு வந்துட்டேன் புள்ள. பதினெட்டுப் படி ஏறுனவனுக்கு இன்னும் என்ன அழுக்கு இருக்குது?"

எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. அதனால்தான் பயமே. எவ்வளவு கெட்டிக்கார டெய்லர் தைத்தாலும் செக்கிங் ஆகாமல் எங்கள் கம்பெனியில் ஒரு பீஸையும் மடிக்க விடமாட்டார்கள். "பாவம் போயிருக்குமுங்க. நோய் இருக்குதா இல்லையான்னு ரத்தத்தப் பாத்தாத்தான தெரியும்?" என்றேன்.

ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு திரிந்தார். அப்புறம் ஒரு நாள் அவராகவே வண்டியை எடுத்தார். ஆஸ்பத்திரியில் ரிசல்ட் பார்த்த டாக்டரம்மா, "இப்போதைக்கு ஒண்ணுமில்லீங்க. புதுசா தொத்தியிருந்தா ரத்தத்துல உடனே தெரியாது, மூணு மாசம் கழிச்சு இன்னொருக்கா பாத்துக்கலாம். அதுவரைக்கும் ஆணுறை இல்லாம வேண்டாங்க" என்று ஒரு பாக்கெட்டை நீட்டினார். என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் வாங்கிப் பையில் போட்டேன்.

அந்த மூன்று மாசமும் ஒரே சண்டைதான். "கட்டுன பொண்டாட்டிகிட்ட வர்றதுக்கு உறையா? என்னைய என்னன்னு நெனச்ச?" என்பார். ஓவர்டைம் முடிந்து வந்த ஒரு நாள், சண்டை போடத் தெம்பில்லை. போய்த் தொலையட்டும் என்று விட்டுவிட இருந்தேன். எப்படியோ, வேண்டாம் என்ற ஒரு வார்த்தை மட்டும் வாயில் வந்தது.

மறுபடி பார்த்ததிலும் இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்றார்கள். நான் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதேன். "இதுக்குத்தான் இத்தனை கூத்தா?" என்றார் அவர்.

சாமி தன்னை மன்னித்துவிட்டார் என்று அவர் நிம்மதியாக இருக்கிறார். ரத்தம் பார்க்கச் சொன்ன என்னைத்தான் அவர் இன்னும் மன்னிக்கவில்லை. நினைத்தால் அலுப்பாக இருக்கிறது; ஆனாலும் அந்த மன்னிப்பு கிடைக்காமலே நன்றாக உயிர் வாழலாம் என்பதை அந்த மூன்று மாசத்தில்தான் தெரிந்துகொண்டேன்.