ஒன்பதால் வகுபட்ட பிழை

ஜோதிலட்சுமிக்கு நீளமான எண் எதைக் கண்டாலும் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. பொன்னேரி ஸ்டேஷனில் சரக்கு ரயில் கடந்தால் பெட்டி எண்ணின் இலக்கங்களைக் கூட்டுவாள். ஒன்பதால் வகுபட்டால் அன்று மனசு லேசாக இருக்கும். கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி ஆலை ஒன்றின் சோதனைப் பிரிவில் சேர்ந்தபோது அந்தப் பழக்கமே வேலைக்கு உதவியது. அங்கே ஒவ்வொரு கம்பிக் கட்டுக்கும் எட்டு இலக்க எண். இலக்கங்களின் கூட்டுத்தொகை ஒன்பதின் மடங்காக வரும்படி கடைசி இலக்கத்தை வைப்பார்கள். ஓர் இலக்கம் மாறிப்போனால் கூட்டுத்தொகையே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

சென்ற வாரம் ஒரு கட்டு வளைப்புச் சோதனையில் விரிசல் விட்டது. எண் 47185263. ஒன்று முதல் எட்டு வரை எல்லாம் ஒரே ஒரு முறை. அந்த அழகில் சொக்கியபடியே யார்டில் இருந்த பலகையில், ‘ஏற்றக் கூடாது’ என்பதற்குக் கீழே எழுதினாள். கூட்டினாள், முப்பத்தாறு. படமெடுத்துத் தோழி பிரின்சிக்கு அனுப்பினாள்.

“நம்பரைப் போய் சைட் அடிக்கிறியாடி?” என்று பதில் வந்தது.

அந்தக் கட்டு அன்றே லாரி ஏறிவிட்டது. நெல்லூரில் வளைக்கும்போதே கம்பி முறிந்து, சரக்கு திரும்பி வந்தது. பலகையை ஷிஃப்ட் முடிந்ததும் துடைத்துவிடுவது வழக்கம்.

“போர்டுல இந்த நம்பர் இல்ல சார். பாத்துக்கினுதான் ஏத்துனேன்,” என்றான் கிரேன் ஓட்டும் லோகு.

மேனேஜர் மோகன்ராஜ் அவளைப் பார்த்தார். “இன்னாம்மா, சரியா எழுதுனியா?”

“கூட்டிப் பார்த்தேன் சார். ஒன்பதால வகுபட்டுச்சு.”

“கேட்டுக்கினியா லோகு? நாளையிலேர்ந்து வராத.”

அன்று ரயிலில் அந்தப் படத்தைத் திறந்தாள். 47158263. எட்டும் ஐந்தும் இடம் மாறியிருந்தன. மறுபடி கூட்டினாள், அதே முப்பத்தாறு. அந்த எட்டு இலக்கங்களை நாற்பதாயிரத்துச் சொச்சம் விதமாக அடுக்கலாம். எப்படி அடுக்கினாலும் ஒன்பதால் வகுபடும். வரிசையை அவள் சரிபார்க்கவே இல்லை.

படத்தை அழிக்கப் போன கட்டைவிரல் அப்படியே நின்றது. அழிக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றே இரண்டு நாள் ஓடியது.

மூன்றாம் நாள் பிளாட்ஃபாரத்தில் லோகு நின்றிருந்தான்.

“எங்கண்ணா போறீங்க?”

“கண்ணு டாக்டராண்ட. போர்டுல இருந்தது எனக்குத் தெரியலன்னா கண்ணுலதான் கோளாறு. கண்ணு போனா எவன் கிரேன் குடுப்பான்? ஊட்ல அவ ராத்திரி பூரா பேஜார் பண்றா.”

ஜோதிலட்சுமி ஃபோனை நீட்டினாள். லோகு அதை எட்டப் பிடித்து, ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுப் படித்தான்.

“அம்பத்தெட்டுன்னு கீது.”

“எம்பத்தஞ்சு வந்திருக்கணும்ணா. நான்தான் மாத்தி எழுதிட்டேன்.”

“அப்போ என் கண்ணு நல்லாத்தான் கீது.” சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. “இது இத்தினி நாளா உன்னாண்டதான் இருந்துச்சா?”

ஆமென்று தலையாட்டினாள். அவன் எதிரிலேயே மோகன்ராஜுக்குப் படத்தை அனுப்பி, ‘தப்பு என்னுடையது சார், லோகு அண்ணன் மேல் இல்லை’ என்று எழுதினாள். பார்த்ததற்கான நீல அடையாளம் உடனே விழுந்தது. பதில் வரவில்லை.

ரயில் வந்தது. பக்கத்தில் இடம் பிடித்து வைக்கட்டுமா என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் லோகு வேறு பெட்டியை நோக்கி நடந்துவிட்டான்.