பதினேழாம் நம்பர் விரல்

பேய், செய்வினை இதிலெல்லாம் எனக்குத் துளிகூட நம்பிக்கை கிடையாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் சரவணம்பட்டியில் எத்திக்கல் ஹேக்கிங் வகுப்பில் சேர்ந்தேன். திருடன் எந்த வழியாக உள்ளே வருவான் என்று அவனுக்கு முன்னால் நாமே தேடிக் கண்டுபிடித்து உரிமையாளரிடம் சொல்லும் வேலை. முதல் நாளே சார் சொன்னார்: "எழுத்துல அனுமதி இல்லாம ஒரு பட்டனத் தொடக்கூடாதுங்க. பார்க்கறதுக்கு அனுமதின்னா பார்க்கறது மட்டுந்தானுங்க." நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன். எழுதி என்ன பிரயோஜனம்!

எங்கள் தெருவில் சிவசாமி அண்ணன் என்று ஒருவர், பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்பு பட்டறை வைத்திருக்கிறார். என் முதல் பரிசோதனைக்கு அவர்தான் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். மோட்டாருக்குள் சுற்றும் காப்பர் கம்பி வைக்கிற அறைக்கு விரல் வைத்துத் திறக்கும் பூட்டு. கம்பி திருட்டுப் போகிறது என்று உள்ளே போகவும் விரல், வெளியே வரவும் விரல். கதவுக்கு வெளியே விரல் வைக்க ஒரு பெட்டி, உள்ளே மெஷின். ஜன்னல் கிடையாது, இரும்புக் கதவு. அந்த மெஷினில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. பட்டறையில் ஆளில்லை. அண்ணன் கதவைத் திறந்து, மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு கம்பிச் சுருளை முட்டுக் கொடுத்தார். "காரமடையில கெடா விருந்துங்க அம்மணி. மூணு மணிக்கு வந்தர்றேன், நீங்க பாருங்க" என்று கிளம்பிவிட்டார். வாசல் கேட்டை நான் உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டேன்.

அறைக்குள் உட்கார்ந்து லேப்டாப்பை மாட்டினேன், ஐந்து நிமிடத்தில் மெஷினுக்குள் நுழைந்துவிட்டேன். கம்பெனியிலிருந்து வரும்போது இருந்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவே இல்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். கதவு திறந்தே இருக்கிறது என்று மெஷின் கீகீ என்று கத்திக்கொண்டிருந்தது, எரிச்சலில் சுருளைக் காலால் தள்ளிவிட்டேன், கதவு சாத்திக்கொண்டது. அண்ணன் வந்ததும் அசத்த வேண்டும் என்ற திமிரில், பட்டியலில் இருந்த பதினாறு பேரையும் லேப்டாப்பில் எடுத்து வைத்துக்கொண்டு மெஷினிலிருந்து அழித்தேன், பாஸ்வேர்டையும் மாற்றினேன். மெஷின் அணைந்து மறுபடி எரிந்தது. நான் போட்ட புது பாஸ்வேர்டை ஏற்கவில்லை. பழையதையும் ஏற்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது. அண்ணன் வந்தாலும் அவர் விரலுக்கும் இனி கதவு திறக்காது.

எனக்கு வீசிங் உண்டு. இன்ஹேலரும் போனும் வாசலில் நின்ற ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில். லேப்டாப்புக்கு நெட்டும் அந்தப் போனிலிருந்துதான் வர வேண்டும். கதவைத் தட்டினேன், கத்தினேன், ஞாயிற்றுக்கிழமை யாருக்குக் கேட்கும்? அறையெல்லாம் கம்பியின் வார்னிஷ் வாடை. மூச்சு விசிலடிக்க ஆரம்பித்தது. சும்மா சொல்லக்கூடாது, பயத்தில் அழுதேன். மகள் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. உள்ளே இருந்த மெஷினில் பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் "ட்ரை அகெய்ன்" என்றது. அது சரிதானே, என் விரலை யார் அதில் பதித்தார்கள்?

அதன் திரையில் ஒன்று கண்ணில் பட்டது. எல்லாரையும் அழித்த பிறகும் ஓர் ஆள் மிச்சம். நம்பர் பதினேழு, பேர் இல்லை.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நான் மெஷினைத் தொடவே இல்லை, அது "தேங்க் யூ" என்றது. வெளியிலிருந்து யாரோ விரல் வைத்தால்தான் அப்படிச் சொல்லும். கதவு திறந்துகொண்டது. தவழ்ந்துதான் வெளியே வந்தேன். வாசல் கேட் நான் உள்பக்கம் தாழ் போட்டபடியே இருந்தது, பட்டறையில் ஒரு ஈ காக்கை இல்லை.

மூன்று மணிக்கு வந்த அண்ணனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தால் கிட்டே போய் மெஷின் திரையைப் படித்தார். "பதினேழுங்களா? நம்ம பட்டறைல என்னையும் சேர்த்துப் பதினாறு பேர்தானுங்க. பதினேழுன்னு நான் ஆருக்கும் போடலீங்களே."

கம்பெனி ஆள் வந்து மெஷினைச் சரிசெய்து கொடுத்தார். இனிமேல் இதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அண்ணன் என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார். பதினாறு பேரையும் மறுபடி ஏற்றிவிட்டுக் கடைசியாக என் வலது கட்டைவிரலை வைத்தேன். இந்த விரல் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று காட்டியது. நம்பர் பதினேழு.

அன்றைக்கு உள்ளே நின்று வைத்தபோது பத்து விரலையும் துப்பிய மெஷின் அது. வெளியே நின்று என் விரலை வைத்தது யார்? நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், எனக்கே இன்றுவரை விளங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவை அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன். பன்னிரண்டு இருபதுக்குப் பதினேழு உள்ளே வந்ததாக இருக்கிறது. வெளியே போனதாக இல்லை.

அதனால் தினமும் சாயங்காலம் அந்த அறையை விட்டு வெளியே வரும்போது கட்டைவிரலை இரண்டு தடவை வைக்கிறேன். ஒன்றுதான் எனக்கு.