கார்டு வாயில் வைத்த சந்தனம்

மகன் துபாய்க்குப் போகும்போது, அவன் வைத்திருந்த பழைய லேப்டாப்பை என்னிடம் விட்டுப் போனான். பேட்டரி செத்துப்போனது, ஒயர் சொருகினால்தான் ஓடும். பக்கவாட்டில் அதற்கு ஒரு வாய். அதில் சீட்டு மாதிரி ஒரு கார்டைத் தள்ளினால் பச்சை விளக்கு எரியும், நெட் வரும்.

"ஞாயித்துக்கெயம பத்து மணிக்குக் கூப்புடுவேம்மா. மணி அடிச்சா இத்த அமுக்கு, அவ்ளோதான்" என்று காட்டிக் கொடுத்தான்.

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். எனக்கென்று போனும் கிடையாது. ஆனாலும் எங்கள் காலனியில் துபாயில் இருக்கிற பிள்ளையோடு பெட்டியில் பேசியவள் நான் ஒருத்திதான். குரல் விட்டு விட்டு வரும். முகம் எப்போதாவது கட்டம் கட்டமாய்த் தெரியும். எனக்கு அது போதும்.

ஆயுத பூஜை வந்தது. அரிவாள், மண்வெட்டி எல்லாம் கழுவிப் பொட்டு வைத்தேன். லேப்டாப்பை மட்டும் விடுவேனா? கார்டை உருவிவிட்டு, வாசக்காலுக்கு வைப்பதுபோல அந்த வாய்க்கும் சந்தனத்தைக் கெட்டியாய்க் குழைத்து அப்பினேன். மேலே குங்குமம். பிறகு கார்டைத் திரும்பத் தள்ளி வைத்தேன்.

அந்த ஞாயிறு பச்சை விளக்கு எரியவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. இருட்டுகிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அம்மாவுக்கு இன்னா ஆச்சோ என்று அவன் தவித்துக்கொண்டிருப்பான் என்பதுதான் என் கவலை.

"இன்னாக்கா, ரெண்டு வாரமா சத்தமே கேக்கல?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"மெஷினு ரிப்பேரு. அவன் இன்னா பண்ணுவான்?"

மறுநாள் லேப்டாப்பைத் துணிப்பையில் சுற்றி, உத்திரமேரூர் பஸ் ஏறினேன். கம்ப்யூட்டர் கடைக்காரர் நாற்பது வயது ஆள். பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இன்னா ஆயா, எலுமிச்சம்பயம் நசுக்கலியா?"

"வேலைய பாரு நைனா."

அவர் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தார். "இது தன்னைத் தானே செக் பண்ணிக்கும் ஆயா" என்றார். திரை சிவப்பானது, பச்சையானது, நீலமானது. பீப் என்று கத்தியது. ஒவ்வொன்றாய் நல்லா கீது, நல்லா கீது என்று படித்துச் சொன்னார். பெட்டியில் பழுதே இல்லை. கார்டு வாய்க்குள் ஊசி ஊசியாய் இருக்கிற கம்பிகளில்தான் சந்தனம் காய்ந்து கிடந்தது. பிரஷ்ஷும் ஸ்பிரிட்டும் வைத்துப் பொறுமையாய்த் துடைத்தார். பச்சை விளக்கு எரிந்தது.

"எம்மா தபா கூப்ட்டுக்கறான்னு பாரு நைனா. பயந்து பூட்டிருப்பான்."

பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"கூப்புட்ட மாதிரி இல்லியே ஆயா. கூப்புட்டிருந்தா இங்க காட்டும்."

"ரெண்டு வாரத்துலயுமா?"

"ஒண்ணும் இல்ல. நீ வேணா இப்போ கூப்புடேன், போட்டுத் தரேன்."

"வாணாம். வேலையா இருப்பான்" என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பத்து ஆனது. பதினொன்றும் ஆனது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கார்டை நானே உருவித் தனியாய் வைத்தேன். இனிமேல் அவன் கூப்பிட்டாலும் கேட்காது.