மாசி சீவும் பெட்டி

என் குசினி அலுமாரியின் மேல்தட்டில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. செங்கல்லைவிடச் சற்று நீளம். தச்சனுடைய சீவுளியைத் தலைகீழாகத் திருப்பி ஒரு பெட்டிக்கு மூடியாக வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். மேலே இரும்பு அலகு, கீழே இழுத்துத் திறக்கிற ஒரு சின்ன லாச்சி. வீட்டுக்கு வருகிறவர்களின் கண்ணில் அது எப்படியோ பட்டுவிடும். பாக்கு வெட்டுகிற சாமானா என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே ஏதோ உருளுகிறதே என்றார். நான் அதைப் பக்குவமாக வாங்கி, இருந்த இடத்தில் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போய்விடுவேன். அந்தக் கதையைச் சொல்லப் போனால் என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்ல வராது.

எழுபதுகளின் நடுப்பகுதியில் முதல் முறையாகச் சிட்னிக்கு வந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த காலம். அண்ணா செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்தார். அண்ணாவின் மனைவியான மச்சாளுக்குத் தலைப்பிரசவம், துணைக்கு ஆளில்லை என்று கடிதம் வர, மூன்று மாத லீவு போட்டுவிட்டு வந்தேன். மச்சாள் கேட்டிருந்தபடி பெட்டியில் மிளகாய்த்தூளும் நாலு கட்டை மாசிக்கருவாடும் வைத்திருந்தேன். விமான நிலையத்தில் ஓர் அதிகாரி மாசிக்கட்டையை மேசையில் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்று விறகுபோலச் சத்தம் கேட்டது. ஏதாவது மருந்து வேரா என்று கேட்டார். நான் நம் ஆட்கள் ஆட்டுவதுபோலத் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். அதை அவர் ஓம் என்று எடுத்துக்கொண்டு என்னை விட்டுவிட்டார்.

பிள்ளை பிறந்து ஒரு மாதமானபோது எனக்குப் பாணும் வெண்ணெயும் அலுத்துவிட்டன. கடைத்தெருவில் ஒரு கண்ணாடியில் கையால் எழுதிய சின்ன அறிவிப்பு மட்டை ஒட்டியிருந்தது. வீட்டில் ஜப்பானியச் சமையல் கற்றுத்தரப்படும், வியாழன் காலை பத்து மணி, கதவு திறந்திருக்கும் என்று எழுதி, ஓரத்தில் ஒரு சோற்றுக் கிண்ணம் வரைந்திருந்தது. அந்தச் சோற்றைப் பார்த்துத்தான் போனேன் என்று சொன்னால் வெட்கமில்லை. அண்ணாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நீ சோறு காய்ச்சினாலே அடிப்பிடிக்கும். உனக்கு ஜப்பான் சமையலோ?" என்றார். ஆனாலும் அந்த வீடு இருந்த வெஸ்ட்மீட்டுக்கு ரயிலில் நாலாவது ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று படம் கீறித் தந்தவரும் அவர்தான்.

தகட்டுச் சுவர் வைத்த சின்ன வீடு. கதவு தாழில்லாமல் சும்மா சாத்தியிருந்தது. என்னோடு படிக்க வந்திருந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் சப்பாத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் யோசித்துக்கொண்டு நிற்க, நான் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன். வீட்டுக்காரி அதைக் கவனித்திருக்கிறார். பிறகு நான் அரிசிக்கு விரல் மடிப்பால் தண்ணீர் அளந்ததையும் கவனித்தார். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும், எனக்கு முப்பத்தாறு. நான் என்ன வேலை என்று கேட்டார். டீச்சர் என்றேன். நீங்களும் டீச்சர், நானும் டீச்சர் என்று சொல்லி, அன்று முதல் என்னை அப்படியே கூப்பிட்டார். எங்கள் வீட்டில் அவருக்கு, எங்கள் ஊர் உச்சரிப்பில், ஜப்பான் ரீச்சர் என்று பெயராகிவிட்டது.

எங்கள் இரண்டு பேருடைய ஆங்கிலமும் நொண்டி ஆங்கிலம்தான். அதனால் அவர் சொன்னவற்றை என் தமிழிலேயே எழுதுகிறேன். முதல் நாள் வகுப்பு முடிந்ததும் பழக்கதோஷத்தில் 'போட்டு வாறன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி, 'ஐ வில் கோ அண்ட் கம்' என்றேன். மற்ற இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஜப்பான் ரீச்சர் சிரிக்கவில்லை. கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார். எங்கள் ஊரில் போகிறேன் என்று சொல்லக்கூடாது, போகிறேன் என்றால் திரும்பி வராத போக்கு ஆகிவிடும், அதனால் இப்படித்தான் சொல்வோம் என்றேன். எங்களிடமும் இதே சொல் இருக்கிறது என்றார் அவர். 'இத்தே கிமாஸ்'. போய் வருகிறேன். வீட்டில் இருப்பவர் 'இத்தெராஷ்ஷாய்' என்று பதில் சொல்ல வேண்டும். நல்லபடி போய் வா. திரும்பி வந்தவர் வாசலில் நின்று 'ததாய்மா' என்று குரல் கொடுக்க வேண்டும். வந்திட்டன். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு சொல் முழுதாகும் என்றார்.

பச்சை மீன் வெட்டிய வாரத்தோடு மற்ற இருவரும் நின்றுவிட்டார்கள். அதில் ஒருத்தி அவருடைய பக்கத்து வீட்டுக்காரி. அவள் வேலிக்கு மேலால் நலம் விசாரிப்பதோடு சரி. பிறகு வகுப்பில் நானும் அவரும்தான். வகுப்பு என்று பேர், பாதி நேரம் கதைதான். போர் முடிந்து ஜப்பானுக்கு வந்த ஓர் ஆஸ்திரேலியச் சிப்பாயைக் கட்டிக்கொண்டு கப்பலேறியவர் அவர். புருஷன் இறந்து ஆறு வருடம், பிள்ளைகள் இல்லை. சூப்புக்குக் கடைத்தூளைக் கரைக்கும்போதெல்லாம் முகம் சுளிப்பார். இது பொய்ச் சுவை, உண்மையான சுவைக்குக் காய்ந்த சூரை மீனைச் சீவிப் போட வேண்டும், அது இங்கே கிடைப்பதில்லை என்பார். அதைச் சீவுகிற பெட்டி மேல்தட்டில் சும்மா கிடந்தது. இறக்கிக் காட்டினார். அலகில் துருப்பிடித்திருந்தது.

அடுத்த வியாழக்கிழமை மச்சாளிடம் கேட்டு ஒரு கட்டை மாசியைக் கடதாசியில் சுற்றிக் கொண்டு போனேன். அவர் அதை மோந்து பார்த்தார். அலகைக் கழற்றி, கல்லில் நெடுநேரம் தீட்டினார். பிறகு பெட்டியை மடியில் வைத்து, கட்டையை அலகின் மேல் தேய்த்தார். சரக் சரக் என்ற சத்தம். லாச்சியைத் திறந்தால் உள்ளே இளஞ்சிவப்பாகச் சுருள் சுருளாகக் கிடந்தது. ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எங்களூர் மாசி அவர்களுடையதைவிட முரடு, புகை கூட என்று பிறகு சொன்னார். ஆனால் அம்மாவின் அடுப்படி அதில் இருக்கிறது என்றார்.

அன்றுதான் அம்மாவைப் பற்றிச் சொன்னார். வீட்டை விட்டு வருகிற நாளில் அவருடைய வாயில் 'இத்தே கிமாஸ்' வரவில்லையாம். திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டு எப்படிச் சொல்வது? அதனால் நிரந்தரமாகப் பிரிகிறவர்கள் சொல்வதைச் சொல்லியிருக்கிறார். அம்மா பதில் சொல்லாமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாராம். கப்பல் கரையை விட்ட பிறகு பெட்டியைத் திறந்தால், உடுப்புகளுக்கு அடியில் இந்தச் சீவல் பெட்டி இருந்திருக்கிறது. அம்மா நாள்தோறும் புழங்கிய சாமான். அம்மா இறந்த செய்தி ஒன்பது வருடம் கழித்துக் கடிதத்தில் வந்ததாம்.

"பொய் சொல்லக்கூடாது என்று நினைத்தேன், டீச்சர்," என்றார். "அந்தப் பொய்யை அம்மாவுக்குக் கொடுத்திருக்கலாம்."

நான் மேசையில் கிடந்த சீவல்களைப் பொறுக்கி லாச்சிக்குள் போட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசி வகுப்பு வந்தது. இரண்டு நாளில் எனக்கு விமானம். மாசிக்கட்டை பாதியாகக் குறைந்திருந்தது. அன்று அவர் அதை எடுக்கவில்லை. துணியில் சுற்றி லாச்சிக்குள் வைத்து மூடினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, எல்லா வியாழக்கிழமையும் சொல்வதுபோல 'இத்தே கிமாஸ்' என்றேன். திரும்பி வரவேண்டும் என்று நினைத்தா சொன்னேன்? இல்லை. ஒரு ரீச்சரின் சம்பளத்தில் சிட்னிக்கு இன்னொரு பயணம் என்பது நினைத்துப் பார்க்கிற விஷயமில்லை. ஆனால் போகிறேன் என்று சொல்ல என் நாக்கு வளையாது. செத்த வீட்டைத் தவிர வேறெந்த வீட்டிலும் நாங்கள் சொல்லிக்கொள்ளாமல் வெளிக்கிடுவதில்லை. வாறன் என்பது எங்களுக்கு வெறும் மரியாதை. அவருக்கு அது அப்படியில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "உண்மையாகவா?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன், இரண்டு பக்கமும். வரும்போது புது மாசி கொண்டு வருவேன் என்றும் சேர்த்துச் சொன்னேன். அப்போதுதான் அவர் இரண்டு கையையும் முன்னால் சேர்த்துக் குனிந்து, 'இத்தெராஷ்ஷாய்' என்றார். மிச்சப் பாதியை நீங்கள் வந்த பிறகு சேர்ந்து சீவுவோம் என்றார்.

ஊருக்கு வந்து இரண்டு கடிதம் போட்டேன். அவரும் போட்டார். மூன்றாவதற்கு நான் பதில் எழுதவில்லை. சோதனைத் தாள் திருத்தல், என் அம்மாவின் வருத்தம், ஆஸ்பத்திரி அலைச்சல் என்று காரணத்துக்குக் குறைவில்லை. நாலு வருடம் கழித்து, நினையாப் பிரகாரமாக அண்ணாவே டிக்கெட் அனுப்பினார். புது வீட்டுக் குடிபூரலுக்கு ஒன்பது நாள் பயணம். முதல் வேலையாகக் கொழும்பில் அலைந்து நல்ல மாசியாகப் பார்த்து ஆறு கட்டை வாங்கினேன். அதற்குத் தனியாக ஒரு துணிப்பை தைத்தேன். இந்த முறை விமான நிலையத்தில் நின்றவருக்கு மீனைத் தெரிந்திருந்தது. என் கண் முன்னாலேயே பையோடு தொட்டிக்குள் போட்டார். சட்டம் அது, அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வெறுங்கையோடு எப்படிப் போவது? இதுதான் என் மண்டைக்குள் ஓடியது. வாயால் சொன்ன பொருளைக் கொண்டுவராமல், கடிதத்துக்கும் பதில் எழுதாமல், எந்த முகத்தோடு போய் நிற்பது? மச்சாள் கேட்டார்: "வெறுங்கையோட போனால் என்ன? அவ உங்களையெல்லோ பார்க்கப் போறா?" அடுத்த முறை பார்ப்பம் என்றேன்.

பயணத்தின் ஆறாம் நாள் சாமான் வாங்குவதற்காக நானும் மச்சாளும் ரயிலில் போனோம். வெஸ்ட்மீட்டில் ரயில் நின்றது. அந்தக் காலத்துப் பழைய பெட்டி, கதவு திறந்தபடியே கிடந்தது. எழுந்து இரண்டு அடி வைத்தால் மேடை. அங்கிருந்து ஏழு நிமிட நடை. மணிக்கூட்டைப் பார்த்தேன், பத்தே கால். அன்று வியாழக்கிழமை என்பதும் எனக்குத் தெரியும். மச்சாள் என்னைப் பார்த்தார். நான் மடியிலிருந்த கைப்பையின் பூட்டைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். ரயில் வெளிக்கிட்டது.

நான் ஊர் திரும்பி ஐந்தாவது மாதம் அண்ணாவின் கடிதம் வந்தது. ஜப்பான் ரீச்சர் இருதய வருத்தத்தால் இறந்துவிட்டார், பக்கத்து வீட்டுக்காரி விலாசத்தைத் தேடிப்பிடித்து ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து தந்தாள் என்று எழுதியிருந்தார். அந்தப் பெண் சொன்னதையும் அப்படியே எழுதியிருந்தார். வகுப்புக்கு வேறு ஆள் வராமல் போன பிறகும், வருத்தம் கூடிய பிறகும், வியாழக்கிழமை பத்து மணிக்கு அவர் கதவுத் தாழை எடுத்துவிடுவாராம். தனியாக இருக்கிறீர்கள், கண்டவனும் உள்ளே வருவான் என்று இவள் ஏசியிருக்கிறாள். "டீச்சர் வருவா. சொல்லிவிட்டுப் போனவ," என்பாராம்.

பள்ளிக்கூட ஓய்வறையில் இருந்து அந்தக் கடிதத்தை வாசித்தேன். அடுத்த பாடத்துக்கு மணி அடித்தது. போய்ப் படிப்பித்தேன். கரும்பலகையில் ஒரு நேர்கோடு கீற முடியவில்லை.

அவர் தன் அம்மாவுக்குக் கொடுக்காமல் விட்ட பொய்யை நான் அவருக்குக் கொடுத்தேன், அதை வைத்துக்கொண்டு அவர் நாலு வருடம் வாழ்ந்தார் என்று சில வேளை என்னைத் தேற்றப் பார்ப்பேன். ஆனால் அது பொய்யாக இருந்திருக்க வேண்டியதில்லையே. நான்தான் வந்திருந்தேனே. திறந்த கதவுக்கு ஏழு நிமிடத்தில் நான் இருந்தேனே. கையில் ஒரு மீன் கட்டை இல்லை என்பதற்காக அந்த மனுசியை விட்டுவிட்டுப் போனேன். இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் எனக்கு ஆறவில்லை.

இப்போது நான் செவன் ஹில்ஸில் மருமகளோடு இருக்கிறேன். அண்ணாவின் மகள், அன்று நான் பார்க்க வந்த குழந்தைதான் இவள். வேலை வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில். ஜப்பான் ரீச்சரின் வீடு இருந்த இடத்தில் ஆறு மாடிக் கட்டடம் நிற்கிறது. போய்ப் பார்த்தேன், வாசலில் எண் அமர்த்தித் திறக்கிற கதவு. காலையில் மருமகள் திறப்புக் கொத்தை எடுத்துக்கொண்டு "பாய், மாமி" என்று ஓடுவாள். முன்பெல்லாம் மறித்து நிறுத்தி, போட்டு வாறன் என்று சொல்லு என்பேன். இப்போது சொல்வதில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போகட்டும், பின்னேரம் வந்து சேர்ந்தால் போதும்.

அவள் போன பிறகு பெட்டியை இறக்கித் துடைப்பேன். அலகுக்கு ஒரு துளி எண்ணெய் விடுவேன், அது துருப்பிடிக்கக்கூடாது. லாச்சியைத் திறந்தால் அதே துணி, உள்ளே அதே பாதி மாசி. கல்லாகிவிட்டது, மணம்கூட இல்லை. ஒரே ஒரு நாள், வீட்டில் யாரும் இல்லாதபோது, அதைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பி வந்தவர் சொல்கிற அந்த 'ததாய்மா'வைச் சொல்லிப் பார்த்தேன். குசினிக்குள் என் குரல் எனக்கே கேட்டது. துணியைச் சுற்றி உள்ளே வைத்து லாச்சியை மூடினேன்.