ஆளில்லாத படங்கள்

என் படங்களைப் பார்த்துப் பழகிய சிலர், கன நாளாக ஒன்றையும் காணவில்லையே, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மழை தொடங்குவதற்கு முன் கடைசியாக எழுதியபோது, கண்டியின் ஒரு தெருவைக் கணினிக்குள் கட்டிக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருந்தேன். அந்தத் தெரு இப்போது என்னிடம் இல்லை. எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. அதையே மறுபடியும் முதலிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று சொல்வதானால் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பகலில் எனக்கு அச்சகத்தில் வேலை. கல்யாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், மரண அறிவித்தல் எல்லாவற்றையும் கணினியில் வடிவமைத்துக் கொடுப்பேன். இப்போதெல்லாம் மரண அறிவித்தல்களில் 'அகால மரணம்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. எப்படி என்று வீட்டார் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கவா என்று மட்டும் கேட்பேன்.

பின்னேரங்கள் என்னுடையவை. மஹய்யாவையில் எங்கள் வீட்டு முன்னறையில், அலுமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு பழைய கணினி இருக்கிறது. அக்குறணையில் வாங்கியது. "மெதுவாத்தான் போகும் மிஸ், ஆனா வழியில நிக்காது" என்று சொல்லித்தான் கடைக்காரர் விற்றார். அதோடு ஒரு கறுப்புப் பலகை, வயர் இல்லாத ஒரு பேனா. பலகையில் கீறினால் திரையில் கோடு விழும். தண்ணீர் வர்ணத்தை விட்டு இதற்கு வந்து பல வருடங்களாகிவிட்டன.

நான் கட்டிய தெரு, தமிழருக்கு எதிரான கலவரத்துக்கு முந்திய தெரு. அப்போது நான் கண்டியில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அப்பா இங்கே அரசாங்க உத்தியோகத்தில் இருந்தார். தினமும் நடந்த அந்தத் தெருவில் துணிக்கடை, பாத்திரக்கடை, புத்தகக்கடை எல்லாம் வரிசையாக எரிந்தன. அதன் பின் அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்துக்கே திரும்பிவிட்டார்கள். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்க மறுபடி வந்து, கூடப் படித்த கம்பளைக்காரரைக் கல்யாணம் முடித்து, இங்கேயே நின்றுவிட்டேன். எரிந்த கடைகளை அவை இருந்த இடத்திலேயே மறுபடி நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

கணினிக்குள் ஒரு கட்டடத்தைக் கட்டினால் முதலில் அது வெறும் சாம்பல் நிறப் பெட்டிதான். உண்மையான சுவர் ஒன்றைப் படம் பிடித்து அந்தப் பெட்டியின்மேல் போர்த்தினால்தான் அது கடையாகும். அந்தப் படங்களுக்கு நானும் மகளும் வைத்த பெயர் 'தோல்'. தோல் எடுப்பது மகளின் வேலை. அவளுக்குப் பதினேழு வயது, உயர்தரம் படிக்கிறாள். மப்பும் மந்தாரமுமான நாளில், நிழல் விழாமல், சுவருக்கு நேர் எதிரே நின்று எடுக்க வேண்டும். ஆள் நடமாட்டம் ஓயும்வரை காத்து நிற்க வேண்டும். தப்பித்தவறி யாராவது விழுந்துவிட்டால் அந்தப் படத்தை உடனே நீக்கிவிடுவாள், ஏனென்றால் கமெராவில் இடம் குறைவு.

"எல்லாப் பிள்ளைகளும் சிநேகிதிகளைப் படமெடுக்குது. நான் மட்டும் மதிலுக்கு முன்னால நின்று 'கொஞ்சம் சிரி' என்று சொல்ல வேண்டியிருக்கு" என்பாள்.

"மதில் கண்ணை மூடாது. நல்ல பிள்ளை" என்பேன் நான்.

வடக்கில் சண்டை கடுமையாகிக்கொண்டிருந்தது. இங்கே பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். மகளின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது. முதல் பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வீடு போவது எங்கள் வழக்கம். அந்த வருடம் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்ததால் நானும் போனேன். பிள்ளைக்கு ஒரு மாதமானதும் கண்டிக்கு வந்துவிட்டோம். அதற்குப் பிறகு அவள் யாழ்ப்பாணத்தைக் கண்டதே இல்லை. இருந்தும் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அவளை மட்டும் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். அதனால் பாலம், ரயில் நிலையம், கோயில், முகாம் இருக்கும் பக்கமே கமெராவோடு போகக்கூடாது என்று சொல்லியிருந்தேன். அவளும் போனதில்லை. வகுப்பு முடிந்து வரும் வழியில், பழைய சுண்ணாம்பு மதில்கள் உள்ள சந்துபோன்ற ஒழுங்கைகளில் மட்டும் எடுப்பாள்.

அப்படி ஓர் ஒழுங்கையில், பாசி படிந்த ஒரு மதிலின் முன்னால்தான் அவளைப் பிடித்தார்கள். மதிலுக்குப் பின்னால் இருந்த வீட்டில் ஓர் இராணுவ அதிகாரி புதிதாகக் குடிவந்திருந்தாராம். பெயர்ப் பலகை எதுவும் இல்லை. கமெராவும் கையுமாக ஒரு பெண் அங்கேயே நிற்பதையும், ஆள் போகும்போது கமெராவை இறக்கி, ஆள் மறைந்ததும் மறுபடி தூக்குவதையும் மேல்மாடியிலிருந்து யாரோ பார்த்திருக்கிறார்கள்.

அச்சகத்துக்குத் தொலைபேசி வந்தது. போன் எடுத்த பையன், "அக்கா, பொலிஸ்" என்று மெதுவாகச் சொல்லி என்னிடம் நீட்டினான். பொலிஸ் நிலையத்துக்கு எப்படிப் போனேன் என்பது எனக்கு நினைவில்லை. மகள் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு பெண் பொலிஸ். மகளின் சப்பாத்துகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். அவள் அழவில்லை. என்னைக் கண்டதும் காலுறை போட்ட கால்களை வாங்குக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

பொறுப்பதிகாரி என் வயதுக்காரர். மரியாதையாக 'நோனா' என்றுதான் பேசினார், சிங்களத்தில். கமெராவின் சிறிய திரையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே கேட்டார்: "நோனா, இத்தனை படம் இருக்கிறது. ஒன்றிலாவது ஒரு முகம் உண்டா? உங்கள் முகம்கூட இல்லையே. இந்த வயதுப் பிள்ளை இப்படியா படம் எடுக்கும்?"

"வேண்டுமென்றேதான், ஐயா. ஆள் இருந்தால் அந்தப் படம் எங்களுக்குப் பயன்படாது."

"அதைத்தான் நானும் கேட்கிறேன். ஆளில்லாத சுவர் எதற்குப் பயன்படும்?"

நான் தெருவைப் பற்றிச் சொன்னேன். பெட்டி, போர்வை, தோல் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லச் சொல்ல, அது எனக்கே பொய்போலக் கேட்டது. அவர் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னேரம் கொழும்பிலிருந்து வாகனம் வரும், பிள்ளையை மேல் விசாரணைக்கு அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். அப்படிப் போன பிள்ளைகளில் சிலர் எங்கே இருக்கிறார்கள் என்று வீட்டாருக்கு இன்றும் தெரியாது. அவருக்கும் அது தெரியும். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வீட்டில் கணினி இருக்கிறது. வந்தால் காட்டுகிறேன்" என்றேன்.

அதற்குள் என் கணவர் வந்து சேர்ந்தார். கம்பளையில் பள்ளிக்கூட ஆசிரியர். வகுப்பிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார், கையெல்லாம் சோக்குத் தூள். நான் சொன்னதைக் கேட்டதும் என்னை ஓரமாக இழுத்தார்.

"அதப் போய் காட்டப் போறியா? டவுன் தெரு முழுசும் மேலருந்து தெரியுமே அதுல. எந்த மூலைல என்ன இருக்குன்னு சுத்திச் சுத்திப் பாக்கலாம். இப்ப அவங்க கையில வெறும் சுவருதான் இருக்கு. நீ பிளானையே குடுக்கப் போற."

"காட்டாட்டி பிள்ளையைக் கொண்டு போயிடுவாங்கள்."

"காட்டினா நம்ம மூணு பேரையும் கொண்டு போவாங்க."

"அப்ப மூன்று பேரும் ஒன்றாப் போவம்" என்றேன். அவர் சோக்குத் தூளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

ஜீப்பில் போனோம். மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் கதவுகள் சாத்தப்படும் சத்தம் கேட்டது. முன்னறையில் பொறுப்பதிகாரிக்கு ஒரு கதிரையைப் போட்டேன். கணினி உயிர்பெற வழக்கமான நேரத்தை எடுத்துக்கொண்டது. அதன் பின் தெருவைத் திறந்தேன்.

என் கணினியில் தெரு ஒரேயடியாகத் திறக்காது. முதலில் வெறும் கோடுகள் வரும். மேலிருந்து பார்த்தால் கட்டடங்கள் சதுரம் சதுரமாக, நடுவே வீதி, முனையில் குளத்தின் வளைவு. சுவர்களும் கூரைகளும் ஒவ்வொன்றாகப் பிறகுதான் நிரம்பும். அந்தக் கோடுகளைக் கண்டதும் அவர் கதிரையை முன்னால் இழுத்தார்.

"இது வரைபடம் அல்லவா?"

"பொறுங்கள் ஐயா. நிரம்பட்டும்."

என் கை பேனாவை விடவில்லை, திரையில் தேவையில்லாத கோடுகள் விழுந்தன. மகள் பின்னால் நின்று, "அம்மா, கையை எடுங்கோ" என்றாள். எடுத்தேன். ஒரு சுவர் நிரம்பியது, பிறகு இன்னொன்று. ஓடுகள் வந்தன. பாசி வந்தது. தெருமட்டத்துக்கு இறங்கி மெல்ல நடந்து காட்டினேன். கமெராப் படத்தில் இருந்த அதே விரிசல் பாத்திரக்கடையின் பக்கச் சுவரில் இருப்பதை மகள் விரலால் தொட்டுக் காட்டினாள்.

அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இது பிழை. இந்த இடத்தில் இப்படி ஒரு கடை இல்லை. நான் தினமும் போகிற வழி" என்றார்.

"முன்பு இருந்தது."

"இது?"

"அதுவும் இருந்தது."

"எப்போது?"

சொன்னேன். வருடத்தைச் சொன்னாலே இந்த ஊரில் எல்லாருக்கும் விளங்கும். அவருக்கும் விளங்கியது. அவர் அப்போது பள்ளிக்கூடப் பையனாக இருந்திருப்பார். எங்கே நின்றார், என்ன கண்டார் என்று எனக்குத் தெரியாது. அவர் கூட வந்த பொலிஸ்காரரிடம் திரும்பி, "இதை வைத்துக்கொண்டு ஒருவன் வந்தால் பஸ் நிலையத்தைக்கூடக் கண்டுபிடிக்க மாட்டான்" என்றார். அந்தப் பொலிஸ்காரர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

மகளைக் கொழும்புக்கு அனுப்பவில்லை. ஞாயிறுதோறும் பொலிஸ் நிலையத்தில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார். கணினியின் உள்ளிருந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றச் சொல்லி, ஓர் உறையில் போட்டு, கமெராவோடு எடுத்துப் போனார். "பத்திரமாக இருக்கும். உங்கள் பிள்ளைக்கும் அதுதான் நல்லது" என்றார். அவர் உண்மையாகத்தான் சொன்னார் என்று இப்போதும் நம்புகிறேன்.

ஞாயிறுகள் போயின. நான் எதிர்ப்பக்கத் தேநீர்க் கடையில் காத்திருப்பேன். மகள் உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவாள். ஒரு ஞாயிறு, என் தேநீர் ஆறிப்போன பின்னும் அவள் வரவில்லை. நான் வீதியைக் கடந்து வாசலுக்குப் போனேன். காவலில் நின்றவர் உள்ளே விடவில்லை. கடைசியில் அவள் வந்தபோது உதடு வெளுத்திருந்தது.

"பழையவர் இடம் மாறிப் போயிட்டார், அம்மா. புது ஆள். ஏன் கையெழுத்துப் போடுறாய் என்று முதலிலிருந்து கேட்கிறார். நான் தெருவைப் பற்றிச் சொன்னன். எங்கே அந்தத் தெரு, காட்டு என்கிறார்."

"டிஸ்க் அங்கதானே இருக்கு?"

"தேடிப் பார்த்தாங்கள். இல்லையாம்."

மறுநாள் நானும் போய்க் கேட்டேன். புது அதிகாரி கெட்டவர் அல்ல. அலுமாரியைத் திறந்து காட்டினார். கொழும்புக்கு அனுப்பியிருக்கலாம், பழையவரோடு போயிருக்கலாம் என்றார். "இப்போதைக்கு இப்படியே கையெழுத்துப் போடட்டும். ஆனால் மேலிடத்திலிருந்து யாராவது கேட்டால் நோனா எதையாவது காட்ட வேண்டியிருக்கும். வெறும் பேச்சுக் காணாது."

அதனால்தான் கணினிக்கு வேறொரு டிஸ்க் வாங்கிப் போட்டு இதை மறுபடி கட்டுகிறேன். முன்பு ஆசைக்குக் கட்டினேன், இப்போது யாராவது கேட்டால் காட்டுவதற்குக் கட்டுகிறேன். கமெரா இல்லை. இருந்தாலும் அவளை அனுப்பமாட்டேன். தோல்களை எல்லாம் பேனாவால் நானே தீட்டுகிறேன். சுண்ணாம்பு உரிந்த இடம், மழைநீர் வழிந்த கறை, இரும்புக் கதவின் துரு. நன்றாக வரவில்லை. சுவர்கள் பிளாஸ்டிக் போலப் பளபளக்கின்றன.

எரிந்த கடைகளைப் போட வேண்டாம் என்கிறார் கணவர். "போன ஆளு வாயை மூடிக்கிட்டாரு. வர்ற ஆளு, யாரு எரிச்சாங்கன்னு உன்கிட்டயே கேட்டா என்ன சொல்லுவ?"

அவர் சொல்வதும் சரி. ஆனால் அந்தக் கடைகளை எடுத்துவிட்டால், மிஞ்சுவது இன்றைய தெருவின் சரியான படம். சரியான படம்தான் எங்களுக்கு ஆபத்து. ஆகவே அவற்றைப் போடுகிறேன். புத்தகக்கடையில் கண்ணாடி அலுமாரி எந்தப் பக்கம் இருந்தது என்று பல நாள் யோசித்து, கடைசியில் இடப்பக்கம் வைத்தேன். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இந்த ஊரில் ஆள் இல்லை.

இதுவரை கட்டியதை ஒரு சீடியில் பதிந்து மகளின் பைக்குள் வைத்தேன், எங்காவது நிறுத்தினால் உடனே காட்டட்டும் என்று. மகளே அதை எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

"செக் பொயின்ட்டில கொம்பியூட்டர் இல்லை, அம்மா. சீடிதான் இருக்கும். அதுக்குள்ள என்ன என்று கேட்டால், கண்டி டவுன் என்று சொல்லவா?"

நான் அதை இரண்டாக உடைத்துக் குப்பையில் போட்டேன்.

இதுதான் இப்போது நான் செய்துகொண்டிருப்பது. வேறு படம் எதுவும் கீறவில்லை. அச்சகத்தில் கேட்டு, மகளுக்கு வகுப்புள்ள பின்னேரங்களில் முன்கூட்டியே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். வந்ததும் கணினியைப் போட்டு, தெருவைத் திறந்து, கோடுகள் எல்லாம் மறைந்து சுவர்கள் நிரம்பும்வரை பக்கத்தில் இருக்கிறேன். விசாரிக்க யார் வந்தாலும் முதலில் கோடுகளைக் காணக்கூடாது. அவள் வந்து கதவைத் தட்டும்வரை அதை அணைப்பதில்லை.